நாற்பத்து மூன்று ஆண்டுத் தடை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டில் எல்லோரும் அறிந்த பழமொழி. மனிதனின் பொறுமையையும் பணப்பையையும் ஒருங்கே சோதிக்கும் காரியங்கள் இவ்விரண்டும் என்று அனுபவசாலிகள் சொல்லி வைத்தார்கள். இளமையில் நான் இதனைப் பெரிதாக மதித்ததில்லை. எங்கள் கிராமத்து வீட்டின் முன்புறம் ஒரு தாழ்வாரம் இறக்க அனுமதி வேண்டி, என் தந்தையார் எட்டு மாத காலம் வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக நடந்தார். எட்டாவது மாதம் அனுமதி வந்தது. அதற்குள் ஐப்பசி மழையும் வந்துவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவர் யாரிடமும் சிரித்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

பிற்காலத்தில் வரலாற்று ஆசிரியனாகி, அமெரிக்கப் பழங்குடி மக்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது என் தந்தையாரின் எட்டு மாதம் எனக்கு மிகச் சிறியதாகத் தோன்றிற்று. அந்நாட்டின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்தில், ஒரு பெரிய நிலப்பரப்பில் வாழ்ந்த மக்கள் வீடு கட்டவும், இருக்கும் வீட்டுக்கு ஓர் அறை சேர்க்கவும் இசைவு பெறுவதற்கு 43 ஆண்டுகள் காத்திருந்தார்கள். காட்டில் மறைந்து வாழ்ந்த கூட்டத்தார் அல்லர் அவர்கள். உலகின் பெருஞ்செல்வ நாட்டின் குடிமக்கள். இத்தகைய நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதைத்தான் மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தை மனத்தில் இருத்திக்கொள்வோம். அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூட்டா என்னும் மூன்று மாநிலங்கள் கூடும் பீடபூமியில் நவஹோ மக்களின் ஒதுக்கீட்டு நிலம் பரந்து கிடக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 27,000 சதுர மைல். நம் தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் என்று கொள்ளலாம். செம்மண்ணும் செம்பாறையும் நிறைந்த வறண்ட நாடு. குளிர்காலத்தில் பனி பெய்யும். இந்நிலத்தின் நடுவே, கடல் சூழ்ந்த தீவைப் போல, ஹோப்பி என்னும் மற்றொரு பழங்குடியினரின் நிலம் இருக்கிறது.

இவ்விரு மக்களும் அண்டை வீட்டாரே ஆயினும் வாழ்க்கை முறையில் வேறுபட்டவர்கள். ஹோப்பியர் உழவர். தட்டையான உச்சியுடைய குன்றுகளின் மேல், கல்லால் கட்டிய அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்து, கீழே மணற்பாங்கான வயல்களில் சோளம் பயிரிடுவார்கள். அவர்களுடைய ஒராய்பி என்னும் ஊரில் ஏறத்தாழ 900 ஆண்டுகளாக இடையறாது மக்கள் வாழ்ந்து வருகிறார்கள். நவஹோக்கள் ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள். அவர்களுடைய வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில், புல் இருக்கும் இடம் நோக்கிச் சிதறி நிற்கும். ஹோகன் என்று பெயர் பெற்ற அந்த மரபு வீடு மரத்தாலும் மண்ணாலும் ஆனது. வட்டமாகவோ எண்கோணமாகவோ இருக்கும். வாயில் எப்போதும் கிழக்கு நோக்கியிருக்கும். நெருங்கி வாழும் உழவனுக்கும் பரந்து வாழும் ஆயனுக்கும் இடையே எல்லை குறித்த மனத்தாங்கல் எழுவது உலகத்தில் எங்கும் உள்ளதுதான். ஆனால், அம்மனத்தாங்கலைத் தீராப் பகையாக மாற்றுவதற்கு வெளியார் ஒருவரின் பேனா தேவைப்பட்டது.

அதற்கு முந்திய ஒரு துயரத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1864ஆம் ஆண்டு அமெரிக்கப் படை நவஹோக்களை அவர்களுடைய நாட்டிலிருந்து வெளியேற்றி, ஏறத்தாழ 300 மைல் நடத்திச் சென்று, நியூ மெக்சிக்கோவில் போஸ்கே ரெடோண்டோ என்னும் இடத்தில் அடைத்து வைத்தது. 8,000க்கு மேற்பட்டவர்கள் அங்கே நான்காண்டு பசியிலும் நோயிலும் வாடினார்கள். 1868இல் உடன்படிக்கை செய்துகொண்டு, தங்கள் தாய் நிலத்தின் ஒரு பகுதிக்குத் திரும்பினார்கள். வலுக்கட்டாயமாகப் பெற்ற உடன்படிக்கைகளுக்கிடையே, ஒரு மக்கள் கூட்டத்தைச் சொந்த மண்ணுக்கே திரும்ப விட்ட உடன்படிக்கை என்பதால் இதற்கு ஒரு தனி இடம் உண்டு. திரும்பியவர்கள் பெருகினார்கள், மந்தைகளும் பெருகின. உடன்படிக்கை வரைந்த கோடு அவர்களுக்குப் போதவில்லை. அவர்கள் மேற்கே பரவினார்கள்.

இனி அந்தப் பேனாவின் கதைக்கு வருவோம். 1882இல் ஹோப்பி மக்களுக்கென அரசு அமர்த்தியிருந்த ஓர் அதிகாரி, தம் அலுவலில் தலையிட்ட இரண்டு வெள்ளையரை வெளியேற்ற விரும்பினார். அந்நிலம் முறைப்படி பழங்குடியினருக்கு ஒதுக்கப்படாததால் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. எனவே, ஒதுக்கீடு வேண்டும் என்று தலைநகருக்கு எழுதினார். அதற்கிணங்கக் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் 1882 டிசம்பர் 16ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். உங்கள் நிலப்படத்தில் மேற்குத் தீர்க்கரேகை 110, 111 பாகைகளையும், வட அட்சரேகை முப்பத்தைந்தரை, முப்பத்தாறரை பாகைகளையும் பாருங்கள். அந்த நான்கு கோடுகளுக்குள் அடங்கிய கட்டமே அந்த ஒதுக்கீடு. ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கர். மலை எங்கே, ஓடை எங்கே, எவருடைய வயல் எங்கே என்று எவரும் நடந்து பார்த்துப் போட்ட கோடுகள் அல்ல அவை. மேற்கே ஹோப்பியரின் மோயன்கோப்பி என்னும் ஊர் கட்டத்துக்கு வெளியே போயிற்று. உள்ளேயோ 1,800 ஹோப்பியரோடு 300 நவஹோக்களும் இருந்தார்கள் என்று பிற்காலத்தில் நீதிமன்றம் கணக்கிட்டது.

கோட்டைவிடத் தீங்கு செய்தது சொல். ஹோப்பியருக்கும், 'உள்துறைச் செயலர் அங்கே குடியமர்த்தத் தகும் எனக் கருதும் பிற இந்தியருக்கும்' அந்நிலம் உரியது என்று ஆணை கூறிற்று. யார் அந்தப் 'பிறர்'? ஆணையில் விடை இல்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1934இல், அமெரிக்கப் பாராளுமன்றம் நவஹோ ஒதுக்கீட்டின் அரிசோனா எல்லையை வகுத்துச் சட்டம் செய்தது. அதிலும் அந்நிலம் நவஹோக்களுக்கும், 'அங்கே ஏற்கெனவே இருக்கக்கூடிய பிற இந்தியருக்கும்' உரியது என்றே எழுதினார்கள். 1882இன் பிழையிலிருந்து எவரும் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. மோயன்கோப்பி ஹோப்பியர் அந்தப் 'பிறர்' தாங்களே என்றார்கள். அது நியாயமான வாதம். அவர்கள் அங்கே இருந்தது உண்மை. தென் பையூட் என்னும் சிறு கூட்டத்தாரும் அங்கே இருந்தார்கள். அவர்களைத் தனிக் குடியாக அரசு ஏற்றுக்கொண்டதே 1990இல்தான்.

இவ்விடத்தில் பழங்குடி நிலத்தின் சட்ட நிலையை விளக்கியாக வேண்டும். நம் ஊரில் ஒருவன் வீடு கட்ட எண்ணினால் முதலில் பட்டாவைப் பார்ப்பான். மனை அவன் பெயரில் இருந்தால் வரைபட அனுமதிக்குப் போவான். நவஹோ நாட்டில் தனியொருவனுக்குப் பட்டா இல்லை. 1823இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம், நிலத்தின் உடைமை அரசைச் சேர்ந்தது, பழங்குடியினருக்கு உள்ளது அனுபோக பாத்தியதை மட்டுமே என்று தீர்ப்பளித்தது. அதன்படி நிலம் ஐக்கிய நாட்டு அரசின் பொறுப்பில், அறக்கட்டளைச் சொத்தைப் போல, குடியினருக்காக வைக்கப்பட்டிருக்கிறது. அதை விற்க முடியாது. வீட்டுக் கடனுக்கு அடகு வைப்பதும் எளிதன்று. பேராசைக்காரர் பறித்துக்கொள்ளாமல் இருக்க ஏற்பட்ட காப்பு அது. ஆனால், அதே காப்பு தன் வீட்டுக்கு ஒரு சுவர் எழுப்ப நினைக்கிறவனையும் பலருடைய வாசலில் நிறுத்திவிடுகிறது.

இக்காலத்தில் ஒரு நவஹோ குடும்பத்தார் வீடு கட்ட விரும்பினால் குடியரசிடம் மனைக் குத்தகை கேட்க வேண்டும். ஓர் ஏக்கருக்கு மேற்படாத நிலம். 75 ஆண்டு தவணை. அந்த இடத்தில் மேய்ச்சல் உரிமை பெற்றவரின் இசைவு வேண்டும். நில அளவை செய்ய வேண்டும். மண்ணுக்கடியில் முன்னோர் சின்னங்கள் உண்டா என்று தொல்லியலார் பார்க்க வேண்டும். அருகிய செடியோ பறவையோ அங்கே உண்டா என்று இயற்கைத் துறையார் பார்க்க வேண்டும். இவ்வளவும் ஆன பின்பு தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் வேறாக நடக்க வேண்டும். இதற்கே பல ஆண்டுகள் செல்வதுண்டு. தடை ஏதும் இல்லாத இடத்தில் உள்ள நிலைமை இது.

தடை எப்படி வந்தது? நிலத்தில் நிலக்கரியும் எண்ணெயும் இருக்கும் என்ற பேச்சு எழுந்தபோது, 'பிறர்' யார் என்ற கேள்வி கூர்மை பெற்றது. எவரிடம் குத்தகை எழுதிக்கொள்வது என்று நிறுவனங்கள் அறிய விரும்பின. 1958இல் இரு குடியினரும் ஒருவர்மீது ஒருவர் வழக்காடப் பாராளுமன்றம் வழி செய்தது. 1962இல் தீர்ப்பு வந்தது: 1882ஆம் ஆண்டுக் கட்டத்தில் ஒரு பகுதி ஹோப்பியருக்கே உரியது, எஞ்சிய 18 இலட்சம் ஏக்கர் இருவருக்கும் பொது. பொதுச் சொத்து எப்படிப்பட்டது என்பதைப் பங்காளிகள் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டத்துக்கு மேற்கே இருந்த 1934ஆம் ஆண்டு நிலத்திலும் ஹோப்பியருக்கு உரிமை உண்டு என்ற கோரிக்கை அடுத்து நின்றது. அப்போது இந்திய விவகாரங்களுக்கான ஆணையராக இருந்தவர் ராபர்ட் பென்னெட். அவரே ஒனைடா என்னும் பழங்குடியில் பிறந்தவர். அப்பதவிக்கு வந்த பழங்குடியினருள் இரண்டாமவர். 1966 ஜூலையில் அவர் ஓர் ஆணை விடுத்தார். உரிமை முடிவாகும் வரை அந்நிலத்தில், இரு குடியினரும் இசைந்தாலன்றி, புதிய வளர்ச்சிப் பணி எதுவும் நடைபெறலாகாது. ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கர் இவ்வாணைக்கு உட்பட்டது. எட்டாயிரம் முதல் பதினாயிரம் நவஹோக்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். நல்ல உள்ளத்தோடு செய்த ஆணை என்றே நானும் நம்புகிறேன். வழக்கு முடியுமுன் ஒருவர் கட்டிடம் எழுப்பி உரிமை நாட்டிவிடக் கூடாது என்பது எந்த நீதிபதிக்கும் தோன்றக்கூடிய எண்ணமே. ஓரிரண்டு ஆண்டுகளில் இருவரும் பேசித் தீர்த்திருந்தால் இன்று அந்த ஆணையை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால், 'இருவரும் இசைந்தால்' என்ற சொற்கள் இருவர் கையிலும் ஒரு பூட்டைக் கொடுத்தன. நவஹோ ஒருவர் வீட்டுக்கு இசைவு தந்தால், அந்நிலம் நவஹோ நிலம் என்று ஒப்புக்கொண்டதாகுமோ என்று ஹோப்பி மன்றம் அஞ்சிற்று. வழக்கறிஞர்கள் அந்த அச்சத்தைத் தணிக்கவில்லை. மக்கள் நெருங்கி வாழ்ந்த டூபா நகரமும் மோயன்கோப்பியும் பின்னர் தடையிலிருந்து விலக்குப் பெற்றன. ஆகவே ஹோப்பியருள் பெரும்பாலோரைத் தடை தீண்டவில்லை. சுமை ஏறத்தாழ முழுவதும் வெளிப்புறத்து நவஹோ ஆயர்கள்மேல் விழுந்தது.

அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். புதிய வீடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, மருந்தகம் இல்லை, சாலை இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்விளக்கு இல்லை. ஒழுகும் கூரையைத் திருத்தவும் இயலவில்லை என்று பாராளுமன்றக் குழுவின் முன் மக்கள் சாட்சி சொன்னார்கள். பீப்பாய்களில் தண்ணீரை மைல்கணக்கில் வண்டியேற்றிக் கொணர்ந்தார்கள். இந்நிலத்தின் வழியாகவே கலிபோர்னியாவுக்கும் பீனிக்ஸ் நகருக்கும் உயர் அழுத்த மின்கம்பிகள் சென்றன. பெருநகரங்களின் குளிர்சாதனங்கள் ஓடுவதற்கான மின்சாரம் தலைக்கு மேலே போக, கீழே மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். எல்லாக் கட்டுமானமும் நின்றுவிடவில்லை போலும்!

வசதிக் குறைவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. அதைப் பலரும் எழுதுவதில்லை. நவஹோ மரபு தாய்வழி மரபு. பெண் மணம் செய்துகொண்டால் அவளும் மணமகனும் பெரும்பாலும் அவளுடைய தாய்வீட்டுக்கு அருகே புதிய ஹோகன் எழுப்பிக் குடியேறுவார்கள். பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறையின் வாயில்களும் கூப்பிடு தூரத்தில் கிழக்கு நோக்கி நிற்கும். மந்தையை மாறி மாறி மேய்ப்பார்கள். பிள்ளைகளை எல்லோருமாக வளர்ப்பார்கள். மொழியும் சடங்கும் அந்த முற்றத்தில்தான் கைமாறும். இப்போது புதிய ஹோகன் கட்டலாகாது என்றால் மணமான பெண் எங்கே போவாள்? ஒன்று, தாயின் ஓரறை வீட்டிலேயே பத்துப் பேரோடு ஒடுங்க வேண்டும். அல்லது பிளாக்ஸ்டாஃப், பீனிக்ஸ் போன்ற நகரங்களுக்குப் போய்விட வேண்டும். இளையோர் போனார்கள். முதியோர் ஆடுகளோடு நின்றார்கள். எவரையும் வண்டியில் ஏற்றி வெளியேற்றவில்லை. கட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். 1864இல் துப்பாக்கி முனையில் நடந்ததை இதனோடு சமமாக வைக்க நான் துணிய மாட்டேன். ஆயினும், ஒரு மக்களை அவர்கள் நிலத்திலிருந்து பெயர்ப்பதற்குப் படை வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து அறிந்தேன்.

கிழக்கே, பொதுவென்று தீர்ப்பான 18 இலட்சம் ஏக்கரிலோ நேரடியாகவே பெயர்த்தார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலத்தைச் சரிபாதியாக்கிற்று. கோட்டின் தவறான பக்கத்தில் நின்ற 10,000க்கு மேற்பட்ட நவஹோக்களும் ஏறத்தாழ 100 ஹோப்பியரும் இடம் மாற நேர்ந்தது. அது தனியே சொல்ல வேண்டிய பெருங்கதை.

மேற்கு நிலத்துத் தடை 1980இல் இன்னும் இறுகிற்று. அதுவரை ஓர் அதிகாரியின் ஆணையாக இருந்ததைப் பாராளுமன்றம் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அதிகாரியின் ஆணையை அடுத்த அதிகாரி மாற்றலாம். சட்டத்தை மாற்ற இரு அவைகளும் குடியரசுத் தலைவரும் வேண்டும். 1992இல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்து தடை ஓரளவு தளர்ந்தது. மேல்முறையீட்டு மன்றம் வழக்கின் ஒரு பகுதியை மீண்டும் விசாரிக்கச் சொல்லவே, 1995இல் பழையபடி ஆயிற்று. அந்த மூன்று ஆண்டு இடைவெளியில் கட்டிக்கொண்டவர் சிலர். விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு மூடக் கண்டவர் பலர்.

முடிவு, நீதிமன்றத்திலிருந்து வரவில்லை. இரு குடியினரின் தலைவர்களும் வழக்கறிஞர்களைச் சற்று ஒதுக்கி வைத்துத் தாங்களே பேசினார்கள். ஹோப்பியருக்கு உண்மையில் எது முதன்மையாக வேண்டும் என்று கேட்டபோது, நிலம் முழுவதும் அன்று. முன்னோர் வழிபட்ட இடங்களுக்குத் தடையின்றிச் சென்று வரும் உரிமையே என்பது தெளிவாயிற்று. நவஹோக்களுக்கு வேண்டியது வீடு. இவை இரண்டும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல என்று காண்பதற்கு நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2006 நவம்பரில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2009 மே 8ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், 1980ஆம் ஆண்டு விதியை நீக்கிற்று.

1966இல் அந்த நிலத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 43. அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருந்திருக்கலாம்.

அனுமதி கிடைத்த மறுநாளே வீடுகள் எழுந்துவிட்டனவா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மனைக் குத்தகைக்கான நடைமுறை முழுவதும் அப்படியே இருந்தது. தடை நீங்கியவர்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள், அவ்வளவே. சாலை இல்லாத இடத்துக்குச் செங்கல் ஏற்றிய வண்டி எப்படி வரும்? குழாய் இல்லாத இடத்தில் யார் வீடு கட்டக் கடன் கொடுப்பார்? 43 ஆண்டுகள் வராத சாலையும் குழாயும் கம்பியும் ஒருங்கே வருவதற்கான பெருந்தொகையை அரசு ஒதுக்கவில்லை. நகரத்துக்குப் போன பிள்ளைகள் அங்கே வேலையும் வாடகை வீடும் தேடிக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுள் பலருக்குத் தாய்மொழி வராது. ஆயினும் சிலர் திரும்பினார்கள். பாட்டியின் பழைய ஹோகனுக்குப் பக்கத்தில் நாலு முளை அடித்துக் கயிறு கட்டி, நில அளவையாளருக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

அந்த வட்டாரத்துக்கு அலுவலகக் கடிதங்களில் வழங்கும் பெயர் 'முன்னாள் பென்னெட் தடைப்பகுதி' என்பதே. அங்கே ஓடைகளுக்கும் பாறைகளுக்கும் ஆயர்கள் தலைமுறை தலைமுறையாக இட்டு வழங்கிய பெயர்கள் இருக்கின்றன. வீட்டுக்கு விண்ணப்பம் எழுதும்போதோ இந்தப் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.